வண்டியைத் தூக்கினால் எது உயர்கிறது?

ஒரு மாருதி ஜிம்னிக்கு 40 மி.மீ. லிஃப்ட் கிட் போட்டாயிற்று என்று வையுங்கள். வண்டி கம்பீரமாக நிற்கிறது. இப்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து, பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். கிட் போடுவதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடியிருக்காது.

ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பது இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே துண்டாக ஓடும் முழு அச்சு. அது சக்கரத்தோடு போகும், சக்கரத்தோடு வரும். ஸ்பிரிங் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை நீளமாக்கினால் அதற்கு மேலே உள்ள சேஸிஸ், எஞ்சின், பெட்ரோல் டாங்க், உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் உயரும்; அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் தரைக்கு மிக நெருக்கமாகத் தொங்குவதும், கல்லில் முதலில் தட்டுவதும் பெரும்பாலும் அந்த உருண்டைதான். அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர்.

டயர் கணக்கு நேரானது. ஜிம்னியோடு வருவது 195/80 ஆர் 15. அதன் விட்டம் 693 மி.மீ. பலர் மாட்டும் 215/75 ஆர் 15 சுமார் 704 மி.மீ. அச்சு சக்கரத்தின் மையத்தில் இருப்பதால் கூடிய விட்டத்தில் பாதிதான் தரை இடைவெளியில் சேரும்: 5 மி.மீ. அதற்கும் மேலே 235/75 போட்டால் விட்டம் 733-ஐத் தாண்டும், அச்சு 20 மி.மீ. உயரும். ஆனால் அந்த டயர் திருப்பும்போதும், சக்கரம் மேலே ஏறும்போதும் உள்ளே உரசத் தொடங்கும். லிஃப்ட் கிட்டின் முதல் வேலை இங்கேதான் வருகிறது. அது டிஃபரன்ஷியலை உயர்த்துவதில்லை. டிஃபரன்ஷியலை உயர்த்தப்போகும் டயருக்கு இடம் விடுகிறது.

இரண்டாவது வேலை வயிற்றுப் பகுதிக்கு. மேட்டின் உச்சியில் முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் தாண்டாமல், நடுவயிறு மண்ணில் உட்கார்ந்துகொள்ளும் நிலை உண்டு. அது நேராமல் வண்டி தாண்டக்கூடிய மேட்டின் கோணம் ஐந்து கதவு ஜிம்னிக்கு 24 டிகிரி. அதன் சக்கர இடைத்தூரம் 2590 மி.மீ. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், 40 மி.மீ. தூக்கினால் மூன்றரை டிகிரி அளவுக்குக் கோணம் கூடும். முன் பம்பர், பின் பம்பர் கோணங்களிலும் சில டிகிரி கிடைக்கும். மேடு பள்ளத்தில் இது நிஜமான ஆதாயம், மறுக்க முடியாது. ஆனால் தினமும் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு மலைப் பக்கம் திரும்பும் வண்டிக்கு இந்த மூன்றரை டிகிரி எவ்வளவு முக்கியம் என்பதை ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வாடகை ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய மஹிந்திரா வண்டிகள், பெரிய தூக்கலெல்லாம் கிடையாது, லோ கியரில் சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று தெரிந்த ஓட்டுநர்கள். வருஷக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் தூக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்குக் கடையில் முதலில் சொல்லப்படும் எண் உயரம்: 40, 50, 75. அவர் முதலில் கேட்க வேண்டிய எண் வேறு. அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு?

ஒரு மூலையில் வண்டியின் எடை காயில் ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கி வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதே நீளத்தில், 20 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங்கை அங்கே வைத்தால் அதே எடை அதை 125 மி.மீ. மட்டுமே அமுக்கும். ஸ்பிரிங்கின் நீளம் மாறவில்லை. வண்டி 25 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஆக, கிட் விற்பவர் சொல்லும் உயரத்தில் எவ்வளவு நீளத்தால் வந்தது, எவ்வளவு விறைப்பால் வந்தது என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்காது. ஆனால் உடம்புக்குத் தெரியும். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த எடைக்கு ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு; அது ஸ்பிரிங் எடையால் எவ்வளவு அமுங்குகிறது என்பதை மட்டுமே பொறுத்தது. 250 மி.மீ. அமுங்கினால் நொடிக்கு ஒரு ஆட்டம். 150-க்கு சுமார் 1.3 ஆட்டம், 125-க்கு 1.4. பயணிகள் கார்களை நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஆட்டத்துக்குள் அமைப்பது வழக்கம். அதைத் தாண்டி ஏற ஏற, ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் வெட்டும் முதுகுத்தண்டுக்கு வந்து சேரும்.

அப்படியானால் விறைப்பான ஸ்பிரிங்கை எதற்குச் செய்கிறார்கள்? சுமைக்கு. இந்தத் தொழில் நன்றாக வளர்ந்த இடம் ஆஸ்திரேலியா. 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும், பின்னால் தண்ணீர் டாங்க்கும் கூரைக் கூடாரமும் ஏற்றிக்கொண்டு ஆளில்லாத உள்நாட்டில் வாரக்கணக்கில் திரிபவர்கள். ஏ.ஆர்.பி.யின் ‘ஓல்ட் மேன் ஈமு’ வரிசையில் ஒரே வண்டிக்கு ஒரே உயரத்தில் பல ஸ்பிரிங்குகள் இருக்கும்: கூடுதல் சுமை இல்லாத வண்டிக்கு ஒன்று, நிரந்தரமாக ஏறிய சுமைக்கு ஏற்ப மற்றவை. நூறு கிலோ இரும்பு பம்பருக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் மாட்டினால், அது அமுங்கவே அமுங்காமல் சொன்ன உயரத்தையும் தாண்டி நிற்கும். வேகத்தடையில் கட்டைவண்டி போலக் குதிக்கும். நம் நாட்டில் இந்தப் பொருத்தமின்மை நிறைய நடக்கிறது. முன் பம்பருக்கு மேல் மாட்டும் கம்பித் தடுப்புகளை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. பெரும்பாலான தினசரி வண்டிகளில் கூடுதல் நிரந்தரச் சுமை என்று எதுவுமே இல்லை. ஆனால் ‘ஹெவி டியூட்டி’ என்ற சொல்லில் நமக்கு ஒரு மயக்கம். தினமும் இருவர் மட்டும் போகும் வண்டிக்கு இருப்பதிலேயே லேசான ஸ்பிரிங்தான் சரி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பின்னால் ஏறும் மூட்டைகளுக்காக வருஷம் முழுக்கக் குலுங்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக்கையும் மாற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது. விறைப்பு கூடினால் அடக்கவும் அதிக விசை தேவை. 20 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கை விட்டால் அடக்கும் திறன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு குலுக்கலில் நிற்க வேண்டிய வண்டி இன்னும் ஒரு தடவை தலையாட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் நீளம். சக்கரம் மேலும் கீழும் போக மொத்தம் 200 மி.மீ. இடம் இருக்கிறது, அதில் மேல்நோக்கி 90, கீழ்நோக்கி 110 என்று வையுங்கள். பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கால் 40 மி.மீ. தூக்கினால் மொத்தம் அதே 200-தான், ஏனென்றால் கீழ்நோக்கிய எல்லையைப் போடுவது ஷாக்கின் நீளம். பங்கு மட்டும் மாறி, மேலே 130, கீழே 70 ஆகும். தூக்கிய வண்டி பள்ளத்தில் சக்கரத்தை முன்பைவிடக் குறைவாகத்தான் இறக்கும்! ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடி போய்விடும். பிடி போன சக்கரம்தான் வீணாகச் சுற்றும். ரோட்டில்கூட, வேகத்தடையைத் தாண்டி இறங்கும் கணத்தில் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். ஷாக் முழுக்க நீண்டு தன் முனையில் இடிக்கும் சத்தம் அது. ஆகவே தூக்கிய உயரத்துக்குத் தக்க நீள ஷாக் வேண்டும். நீளமான ஷாக்கோ சுருங்கும்போதும் சற்று நீளமாகத்தான் இருக்கும். அதனால் அது தனக்குள்ளேயே முட்டிக்கொள்ளாமல் இருக்க, ரப்பர் பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். தனித்தனிக் கடைகளில் ஸ்பிரிங் ஒரு பிராண்டு, ஷாக் ஒரு பிராண்டு என்று வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பக்கத்தில் தனி டப்பா தொங்கும் விலையுயர்ந்த ஷாக்குகள் மணிக்கணக்கில் குலுங்கி எண்ணெய் சூடேறும் பாலைவன ஓட்டத்துக்கானவை. நகரத்தில் அந்த டப்பா அழகுக்குத்தான்.

இனி, விற்பவர்கள் அதிகம் பேசாத பகுதி: கோணங்கள்.

சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுப் பின்சாய்ந்து இருப்பது, கைகளை எடுத்தாலும் அது நேராக ஓட உதவுகிறது. காரிலும் முன் சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு அதேபோல் சில டிகிரி பின்சாய்ந்திருக்கும். இதைக் காஸ்டர் என்பார்கள். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதும், நெடுஞ்சாலையில் வண்டி கோடு பிடித்துப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். ஜிம்னியின் முன் அச்சை, பின்னால் சேஸிஸில் கீல் போட்ட இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. சேஸிஸ் உயர்ந்தால் கையின் பின்முனை உயரும், கை சாயும், கையோடு இறுக்கமாகப் பிணைந்த அச்சும் முன்பக்கமாக உருளும். கையின் நீளம் 700 மி.மீ. என்று வைத்தால், 40 மி.மீ. தூக்கலுக்கு மூன்று டிகிரிக்குச் சற்று மேல் காஸ்டர் காலி. மொத்தமே சில டிகிரிதான் இருந்தது என்பதை நினைத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அதற்குப் பிறகு எண்பதில் போகும்போது ஸ்டீயரிங் லேசாக மிதப்பது போலிருக்கும். லாரியைக் கடக்கும்போது காற்று தள்ளும். சில வண்டிகளில் ஒரு குழியைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் படபடவென்று இடமும் வலமும் அடித்துக்கொள்ளத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். அலைன்மென்ட் கடையில் காஸ்டரைச் சரிசெய்ய வழி கிடையாது, முழு அச்சு வண்டியில் அதற்கெனத் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. துளை மையம் விலகிய புஷ்களோ, கோணம் திருத்திய கைகளோ போட வேண்டும். கிட்டின் விலைப்பட்டியலில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கிட் முழுமையான கிட் அல்ல.

அச்சைக் குறுக்காகப் பிடித்திருக்கும் ஒரு கம்பி உண்டு, பான்ஹார்டு ராடு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். வண்டி உயரும்போது இந்தக் கம்பி சாய்வதால் அச்சு ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் நகரும். பின்னால் வருபவருக்கு வண்டி கோணலாகப் போவது போலத் தெரியும். நீளத்தை மாற்றிக்கொள்ளும் ராடு போட்டால் தீர்ந்தது.

புரொபெல்லர் ஷாஃப்ட் விவகாரம் அவ்வளவு எளிதல்ல. சாய்ந்த இரு ஷாஃப்ட்களைக் கிராஸ் ஜாயிண்ட் இணைக்கும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 5 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்கும் கீழ். 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் அதிர்வு நான்கு மடங்கு. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தின்றுவிடும். கம்பெனி அப்படித்தான் அமைத்திருக்கும். தூக்கும்போது கைகளோடு அச்சும் சற்றுச் சுழல்வதால் அந்தச் சமன் கெடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு நாற்பது சுற்றுவரை போகும். அந்தக் கணக்கில் வரும் அதிர்வு சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரமாகக் கேட்கும். 40 மி.மீ.யில் பலருக்கு இது தெரியாது. 50-ஐத் தாண்டினால் தெரியத் தொடங்கும். 75-க்குப் போனால் வேறு ஷாஃப்ட், வேறு பிராக்கெட் என்று செலவு வரிசை கட்டி நிற்கும். தினசரி வண்டிக்கு 40-ஓடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். இந்தக் கோணங்கள்தான் காரணம், கஞ்சத்தனமல்ல.

2020-இல் வந்த மஹிந்திரா தார் வேறு ஜாதி. பின்னால் முழு அச்சுதான்; முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக, மேலும் கீழும் ஒரு கை பிடித்து ஆடும் அமைப்பு. தரை இடைவெளி வாங்கும்போதே 226 மி.மீ. இதன் முன்பக்கத்தைத் தூக்கச் சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பது ஸ்பேசர், அதாவது ஷாக் மேலே மாட்டும் இடத்தில் வைக்கும் ஒரு தடித்த வளையம். ஸ்பிரிங் கீழ்க் கையின் நடுப்பக்கமாக உட்கார்ந்திருப்பதால் நெம்புகோல் கணக்கு வேலை செய்கிறது: 20 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் 35, 40 மி.மீ. வரை உயரம் கிடைக்கும். கேட்க லாபமாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கில், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது கம்பெனி போட்ட எல்லையைத் தாண்டி அவ்வளவு கீழே போகும். பால் ஜாயிண்டும், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்டும் தங்கள் கடைசிக் கோணத்தில் நிற்கும். சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே புகுந்தால், திருப்பும்போதெல்லாம் ‘கடக் கடக்’. தாரில் ஸ்பேசர் மட்டும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியான நீளமுள்ள ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட், அதுவும் அளவான உயரத்தில், பிறகு உடனே அலைன்மென்ட். இந்த வண்டியில் காஸ்டரையும், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமான கேம்பரையும் திருத்தக் கொஞ்சம் இடம் உண்டு.

உயரம் கூடினால் கவிழுமா? இதற்கு ஒரு எளிய விகிதம் இருக்கிறது: இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தல். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. கவிழும் அபாயத்தை மதிப்பிட இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும், உயரமான எஸ்.யு.வி.களுக்கு 1.0 முதல் 1.3. அகலம் 1400 மி.மீ., ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் என்று ஒரு சிறிய ஜீப்பை எடுத்துக்கொண்டால் விகிதம் 1.08. ஸ்பிரிங்கை 40 மி.மீ. தூக்கினால் அச்சு, சக்கரங்களின் எடை கீழேயே இருப்பதால் மையம் 35 மி.மீ. மட்டும் ஏறும், விகிதம் 1.02. பெரிய டயரும் சேர்ந்து இன்னொரு 20 மி.மீ. ஏற்றினால் 1-க்குக் கீழே போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடி 0.8, 0.9 அளவுதான் என்பதால் வண்டி பொதுவாகக் கவிழும் முன் வழுக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ரோட்டோரத்து மண் விளிம்பிலோ மீடியன் கல்லிலோ சக்கரம் இடித்து நின்றால் வழுக்க வாய்ப்பே கிடைக்காது. பெரிய டயர் ஸ்பீடோமீட்டரையும் ஏமாற்றும்: 235/75 போட்ட ஜிம்னியில், முள் சரியாக இருந்ததாகக் கொண்டால், அது 80 காட்டும்போது நிஜ வேகம் 85-ஐ ஒட்டி இருக்கும். கியர் விகிதம் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் நீண்டது போலாகி, ஏற்றத்தில் எஞ்சின் திணறும். பிரேக் பிடிக்க வேண்டிய சக்கரமும் கனத்திருக்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ரோட்டில் நிறைய வண்டிகள் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன என்பது அனுமதி ஆகாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மலிவு.

கடைசியில், மாட்டும் நாள். வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுக்க முறுக்கிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. உள் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் ஒட்டிய ரப்பர், முறுகித் திரும்புவதுதான் அதன் வேலை. 700 மி.மீ. கை 100 மி.மீ. கீழே தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் 8 டிகிரி முறுக்கிலேயே இருக்கும். சில மாதங்களில் கிழியும். பழி கிட்டின் மேல் விழும். சக்கரம் தரையில், முழு எடை அதன் மேல், பிறகுதான் கடைசி முறுக்கு என்று சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சற்று இறங்கி நிலைக்கு வரும்; அப்போது போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, அலைன்மென்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஹெட்லைட்டைத் திருத்துவதும் அப்போதுதான். டிம் வெளிச்சம் பத்து மீட்டர் தூரத்தில் சுமார் பத்து சென்டிமீட்டர் இறங்கும்படி வைப்பது வழக்கம். மூக்குத் தாழ்ந்த தோற்றத்தை நேராக்கவென்று பின்பக்கத்தைவிட முன்பக்கத்தை 20 மி.மீ. அதிகமாகத் தூக்கினால், 2590 மி.மீ. இடைத்தூரத்தில் அந்தப் பத்து சென்டிமீட்டரில் ஏழரைக்கு மேல் காணாமல் போய்விடும். டிம்மில் போட்டாலும் எதிரே வரும் பைக்காரருக்கு ஹை பீம்தான். சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளிச் சமதளத்தில் நிறுத்தி, லைட்டின் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே வரும்வரை இறக்க வேண்டும். பதினைந்து நிமிட வேலை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.